அரையாண்டுக்கு முன் முகாமும் கலைத் திருவிழாவும் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்குமா?

கேள்வி: என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் 11ஆம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டுத் தேர்வைச் சரியாக எழுதவில்லை என்கிறாள். விடுமுறையில் 7 நாள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம், பள்ளி திறந்ததும் கலைத் திருவிழா ஒத்திகை என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அரையாண்டுக்குள் பாடத்தைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் இவையெல்லாம் தேவையா? அவளை அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரண்யம் பகுதியில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் முதுகலை ஆசிரியராகவும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பாடத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடியும் முகாம் நடத்தும் பொறுப்பும் ஒரே நேரத்தில் என் தலையில் விழும் என்பதால், உங்கள் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. அதனால்தான் ஒற்றை வரியில் நிறுத்தாமல் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடிந்தால் டிசம்பரில் அரையாண்டு. 12ஆம் வகுப்புக்கு அதற்குள் பாடங்கள் அனைத்தையும் முடித்துவிட்டால்தான் ஜனவரியில் திருப்புதல் தேர்வுக்கும், அடுத்து செய்முறைத் தேர்வுக்கும், மார்ச்சில் பொதுத் தேர்வுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்ய முடியும். ஆனால் உங்கள் மகள் படிப்பது 11ஆம் வகுப்பு. 2017-18 முதல் அந்த வகுப்புக்கு இருந்துவந்த பொதுத் தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்காகப் பாடத்தை அலட்சியம் செய்யலாம் என்று பொருளில்லை. 11ஆம் வகுப்பு வேதியியலில் அடித்தளம் இல்லாதவர்கள் அடுத்த ஆண்டு திணறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆயினும் ஒரு வாரத்தை ஊருக்கென்று ஒதுக்குவதற்கு மேல்நிலைக் கல்வியில் இதைவிடப் பொருத்தமான ஆண்டு கிடையாது. காலாண்டு விடுமுறையில் நடக்கும் முகாமால் பாடவேளை ஒன்றுகூடக் குறைவதில்லை. இத்திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று வகுத்துள்ள வழக்கமான பணிகளையும் மாலை நேரங்களிலும் விடுமுறை நாள்களிலும் வைத்துக்கொள்ள முடியும். அப்படி வைத்துக்கொள்ளாமல் வகுப்பு நேரத்தில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் பள்ளி இருந்தால், அதைப் பெற்றோர் தட்டிக் கேட்பது நியாயமே.

அப்படியானால் இந்த மாதங்களில் படிப்பைக் கெடுப்பது எது? என் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் விடை தெரியும். அக்டோபர் பிறந்ததும் வருகை சரியத் தொடங்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நகரத்து ஜவுளிக் கடைகளுக்கு ஆள் தேவைப்படும். உயரமாக வளர்ந்த பையன்கள் துணி எடுத்துப் போடும் வேலைக்குப் போய்விடுவார்கள். சம்பா நடவு நடக்கும் ஊர்களில் தாய்மார்கள் விடியற்காலையிலேயே வயலுக்குச் சென்றுவிடுவதால், மூத்த பெண்தான் வீட்டையும் தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். கோடியக்கரையில் அக்டோபர் முதல் மீன்பிடிப் பருவம் தொடங்குவதால் பக்கத்து ஊர் மீனவக் குடும்பங்கள் சில அங்கே போய்க் கொட்டகை போட்டுத் தங்கும். அந்தப் பிள்ளைகள் எப்போது வகுப்புக்கு வருவார்கள் என்று சொல்லவே முடியாது. இவற்றோடு வடகிழக்குப் பருவமழையும் மழை விடுமுறைகளும் சேர்ந்துகொள்ளும். இரண்டு வாரம் வராமலிருந்து திரும்பும் மாணவனுக்குக் கரும்பலகையில் எழுதப்படும் எதுவும் விளங்காது. விளங்காத வகுப்பில் உட்கார்ந்திருப்பதைவிட கடையில் கூலி வாங்குவது அவனுக்கு மேலாகத் தோன்றிவிடும். படிப்பை நடுவில் விட்டவர்களில் பலர் ஜூன் மாதத்தில் விட்டவர்கள் அல்லர். இந்த மழை மாதங்களில் நழுவியவர்கள்.

இப்படி நழுவவிருந்த பிள்ளைகளைப் பள்ளியில் தங்கவைத்ததில் என் பாடத்தைவிட முகாமுக்கே பங்கு அதிகம் என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஓர் ஆண்டு முகாமில் நாங்கள் செய்த நீர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். வேதாரண்யம் பகுதியில் கடலும் உப்பளங்களும் அருகருகே இருப்பதால் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. முகாமுக்கென்று பள்ளி தத்தெடுத்த கிராமத்தில் மாணவர்கள் தெருத்தெருவாகச் சென்று, கைப்பம்பிலும் கிணற்றிலும் குளத்திலும் நீரைப் பாட்டில்களில் பிடித்து, எந்த இடத்தில் எடுத்தது என்று காகிதத்தில் எழுதி ஒட்டிக் கொண்டுவந்தார்கள். பள்ளி ஆய்வகத்திலிருந்து எடுத்துச் சென்றிருந்த சோதனைக் குழாய்களில் நீரை ஊற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். உப்பில் உள்ள குளோரைடு நீரில் இருந்தால் அது வெள்ளையாகத் திரளும். குளத்தங்கரைக் கிணற்று நீரில் லேசான கலங்கல் மட்டுமே தெரிந்தது. கிழக்குத் தெருக் கைப்பம்பு நீரிலோ, பாடநூல் சொல்வதுபோல, தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு உடனே திரண்டு அடியில் இறங்கியது. காலாண்டில் தேர்ச்சி மதிப்பெண்ணையே எட்டியிராத ஒரு மாணவன் குழாய்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு, "சார், உப்பளத்துப் பக்கம் போகப் போகக் கெட்டியா வருது சார்" என்றான். அவன் வீடு அந்தக் கிழக்குத் தெருவில்தான் இருக்கிறது. குளோரைடு அயனி என்பது தன் அம்மா நாள்தோறும் குடத்தில் தூக்கிவரும் தண்ணீருக்குள் இருக்கும் பொருள் என்று தெரிந்த பிறகு, கரிம வேதியியல் வகுப்பிலும் முன்வரிசைக்கு வந்து உட்காரத் தொடங்கினான். அரையாண்டில் அவன் முதல் மதிப்பெண் வாங்கிவிட்டான் என்றெல்லாம் நான் கதை சொல்லவில்லை. ஆனால் தேர்ச்சி பெற்றான். தீபாவளிக்குக் கடைவேலைக்குப் போகவில்லை.

அந்த ஆய்வு அத்தோடு நின்றுவிடவில்லை. அக்டோபர் 2 அன்று கிராமசபைக் கூட்டம் நடக்கும். முகாமும் ஏறத்தாழ அதே நாள்களில்தான் வரும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அங்கே வாக்காளர் என்ற உரிமை இல்லையென்றாலும், ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, எந்தத் தெருவில் எந்த நீர் என்பதை ஓர் அட்டையில் எழுதி மாணவியர் இருவர் படித்துக் காட்டினார்கள். கூட்டுக் குடிநீர்க் குழாய் தங்கள் தெருவின் கடைசி வீடுகளை எட்டுவதில்லை என்பதைப் பெண்கள் எழுந்து நின்று சொல்ல, அது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறியது. தண்ணீர் வருவதற்கு அதன்பின் வெகுகாலம் பிடித்தது என்பது வேறு விஷயம். எந்தப் பாடநூலும் கற்றுத்தராத குடிமையியலை அந்த இரு மாணவியரும் ஒரே காலைப்பொழுதில் கற்றுக்கொண்டார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை இப்பகுதியில் யாரும் மறக்க முடியாது. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன, கூரை வீடுகள் கலைந்தன, மின்சாரம் இல்லை, பள்ளிகளே நிவாரண முகாம்களாயின. கல்வியாண்டின் சரிபாதியில் வந்த அந்தப் பேரிடரின்போது, சில வாரங்களுக்கு முன்னர்தான் எங்கள் மாணவர்கள் முகாமில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு நடத்தி முடித்திருந்தார்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எவருக்கு நாள்தோறும் இன்சுலின் வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கையால் எழுதிய தாள்களில் இருந்தன. நிவாரணப் பொருள்களோடு வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் சாலையோர வீடுகளுக்கே கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோது, உள்தெருக்களுக்கு வழிகாட்டி அழைத்துப் போனவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். அவர்களில் பலரின் வீடுகளும் இடிந்திருந்தன என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தென்னை சாய்ந்த ஊரில் பனை பெரும்பாலும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் என்பதால், அதற்குப் பிந்தைய முகாம்களில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் பனை விதை நடச் சொல்லி யாரும் அவர்களை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. பனம்பழம் உதிர்ந்து முடிந்து மழை தொடங்கும் தருணத்தில் நட வேண்டும் என்பதால், பருவமும் முகாமும் தாமாகவே பொருந்திவிடுகின்றன. விதை முதலில் கீழ்நோக்கித்தான் முளைவிடும். இலை வெளியே தெரியப் பல மாதங்கள் ஆகும். அதுவரை ஆடு மாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்தந்தத் தெருப் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர்களில் சாதி, தெருக்களைப் பிரித்தே வைத்திருக்கிறது. பள்ளிச் சீருடைக்குள்ளும் அது நுழைகிறது என்பதற்கு 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், எல்லாச் சமூகத்து மாணவர்களும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை ஒன்றை உருவாக்கப் பரிந்துரைத்தது. ஒரு வாரம் ஒன்றாகக் காய் நறுக்கி, ஒன்றாகப் பரிமாறி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தாங்கள் அதுவரை கால் வைத்திராத தெருவுக்குள் கணக்கெடுக்கப் போய் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் பிள்ளையிடம் ஏற்படும் மாற்றத்தை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி வாசித்து உண்டாக்க முடியாது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கலைத் திருவிழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் இப்போட்டிகள் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடப்பதால், பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில மாலை நேர ஒத்திகைகளோடு முடிந்துவிடும். பறையோ வில்லுப்பாட்டோ தாத்தாவிடம் கற்ற பிள்ளைக்கு அது பள்ளியில் மதிக்கப்படும் ஒன்று என்று தெரியவருவது நல்லது. உங்கள் மகள் மாவட்ட அளவுக்குத் தேர்வானால் மட்டும், விடுபடும் வகுப்புகளை எப்போது ஈடுசெய்வார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பள்ளிகளிலும் முகாம் இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுவதும் புல் பிடுங்கவைத்துவிட்டு, நிறைவு விழாவில் விருந்தினர் உரையைக் கேட்க வரிசையாக உட்காரவைத்து, பதாகை முன் படம் எடுத்து அனுப்பும் முகாம்களும் உண்டு. அவற்றால் பிள்ளைக்கும் ஊருக்கும் பயனில்லை. எனவே ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடும் முன் பள்ளிக்கு நேரில் செல்லுங்கள். மாணவியர் இரவில் எங்கே தங்குகிறார்கள், உடன் தங்கும் ஆசிரியை யார், கழிப்பறை வசதி எப்படி என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் மாணவியரை மாலை நிகழ்ச்சிக்குப் பின் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காலையில் மீண்டும் வரச் சொல்கிறோம். உங்கள் பள்ளியிலும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம். ஏழு நாளும் என்னென்ன பணி என்று திட்ட அட்டவணை இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். அட்டவணையே இல்லை என்றால் தயங்குங்கள். சாக்கடை அள்ளுவது, விஷப்பூச்சி இருக்கும் புதரை வெறுங்கையால் அகற்றுவது போன்றவை பிள்ளைகளின் வேலை அல்ல என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடம் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழகத்தில் 2024இல் அதை மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. முகாம் எந்த ஊரில், என்ன பணிக்காக என்பதை அந்தக் குழுவின் கூட்டத்திலேயே பேசி முடிவுசெய்யும் பள்ளிகளில் குறைகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, விடைத்தாள் கைக்கு வந்ததும் எந்தப் பாடத்தில், எந்த வகை வினாக்களில் விட்டிருக்கிறாள் என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்களில் விட்டிருந்தால் அரையாண்டுக்குள் எளிதில் சரிசெய்துவிடலாம். கணக்கிலும் சமன்பாடுகளிலும் விட்டிருந்தால் பாட ஆசிரியரைப் பார்த்து இப்போதே பேசிவிடுவது நல்லது. முகாமுக்குப் போகும் பையில் மாற்றுடை, தொப்பி, அவள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மருந்து, ஒரு டார்ச் விளக்கு ஆகியவற்றை வைத்து அனுப்புங்கள். முடிந்தால் ஒரு மாலை நீங்களும் போய் அவர்கள் கணக்கெடுத்த தெருவுக்கு அவளோடு ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.