தன்பாலீர்ப்பு, வெறுப்பு, மனநலம்: உளவியல் ஆலோசகரிடம் கேளுங்கள்

கேள்வி: தன்பாலீர்ப்பு ஒரு மனநோய்தானே?

இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலும் உலக சுகாதார நிறுவனம் 1990-இலும் அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. அதற்கும் முன்பு, 1957-இல், எவலின் ஹூக்கர் என்ற உளவியலாளர் தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்கள், மற்ற 30 ஆண்கள் ஆகியோரின் உளவியல் சோதனைத் தாள்களை அடையாளமின்றி நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்தப் பிரிவு என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: பிறகு ஏன் அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம்?

அவர்கள் வாழவேண்டிய சூழல்தான் காரணம். இலான் மேயர் என்ற ஆய்வாளர் இதைச் சிறுபான்மை அழுத்தம் என்று விளக்கினார்; அதாவது, ஒதுக்கப்படும் சிறுபான்மையாக வாழ்வதால் கூடுதலாகச் சுமக்கும் அழுத்தம். ஓர் உதாரணம்: "லீவில் யாரோடு போனாய்?" என்று சக ஊழியர் சும்மா கேட்கிறார். பதில் சொல்வதற்குள் 'அவன்' என்பதை 'அவள்' ஆக்க வேண்டும், போன மாதம் சொன்ன பொய்யோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், முகமும் மாறக்கூடாது. நாள் முழுக்க, வருடக்கணக்கில் இப்படி விழிப்பாகவே இருந்தால் யாருக்கும் தூக்கம் கெடும், மனம் சோரும்.

கேள்வி: என்னை யாரும் நேரடியாகத் திட்டியதில்லை. ஆனாலும் என்மீதே எனக்கு அருவருப்பு.

உங்களைத் திட்டவில்லை, சரி. உங்கள் முன்னால் உங்களைப் போன்றவர்களைக் கேலி செய்திருப்பார்கள். தான் யார் என்று தெரிவதற்கு முன்பே அந்தக் கேலியைக் கேட்டு வளரும் பிள்ளை, பின்னால் அதே கண்ணால் தன்னைப் பார்க்கிறது. அந்தக் குரல் உங்களுடையது அல்ல. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: தனக்குத் தன்பாலீர்ப்பு உண்டு என்று மகன் சொல்லிவிட்டான். மாற்றும் சிகிச்சைக்கு அழைத்துப்போகலாமா?

வேண்டாம் அம்மா. அது ஈர்ப்பை மாற்றுவதில்லை, பிள்ளையைத்தான் உடைக்கிறது. சிலருக்கு மாற்றம் சாத்தியம் என்று 2003-இல் எழுதிய மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரே 2012-இல் மன்னிப்புக் கேட்டார். குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்ட இளைஞர்களிடம், ஒதுக்கப்படாத அல்லது சிறிதளவே ஒதுக்கப்பட்டவர்களைவிடத் தற்கொலை முயற்சி எட்டு மடங்குக்கும் அதிகம் என்று 2009-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உங்களுக்கு எல்லாம் இப்போதே புரிய வேண்டியதில்லை. "சாப்பிட வா" என்று வழக்கம்போலக் கூப்பிடுங்கள். அவன் இல்லாத இடத்தில் உறவினர் கேலி பேசினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கே அவர்கள்மேல் வெறுப்பு உண்டு. மாறுமா?

மாறும். அவர்களோடு நேரில் பழகினால் வெறுப்பு குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதுவரை கேலியையாவது இன்றே விட்டுவிடுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யார் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.