தனுஷ்கோடியில் படமெடுக்கும் சுயாதீனக் குழுக்கள் நேரடி ஒலிப்பதிவுக்கு, அதாவது படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவதற்கு, ஏன் மாற மறுக்கின்றன?

பணம் கேட்கும் வரிசைதான் முதல் காரணம். ஒலிப்பதிவாளரின் சம்பளம் இன்றே கொடுக்க வேண்டியது; டப்பிங் செலவு ஆறு மாதம் கழித்து வருவது. கையில் காசு குறையும்போது இன்றைய செலவுக்குத்தான் முதலில் கத்தி விழும்.

தனுஷ்கோடி மணலில் இதன் பலன் உடனே தெரியும். மைக்கில் வெறும் ஸ்பாஞ்ச் உறை இருந்தால், கடல்காற்று வசனத்துக்கு அடியில் 'கும்'மென்று உறுமும். பிறகு அதை உருவப் போனால் குரலும் சேர்ந்து மெலியும். மைக்கைக் காற்றுத் தடுப்புக் கூண்டுக்குள் வைத்து, மேலே ரோம உறை போட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதியுங்கள். நடிகரின் சட்டைக்குள் ஒரு காலர் மைக்கும் இருக்கட்டும். யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் ஒரு நிமிடம் தனியாக எடுத்துவையுங்கள்; எடிட்டிங்கில் ஒட்டுப்போட அதுதான் உதவும். பாம்பன் மீனவர் காற்றை மீறிப் பேசும் அந்த உரத்த குரல் சென்னை டப்பிங் அறையில் திரும்ப வராது. எனக்கு அதுதான் பெரிய இழப்பு.

இன்னொன்று, படம் முடிந்ததும் குழு கலைந்துவிடும். தவறு செய்து கற்றவர் அடுத்த படத்தில் இருக்க மாட்டார். எந்த உறை, எந்த நேரத்துக் காற்று, எது கெட்டது என்று ஒரு பக்கம் எழுதி, அடுத்து அங்கே போகும் குழுவிடம் கொடுங்கள்.