ஒரே கோலியை நம்புறதுதான் தைரியமா?

கேள்வி: ஐஸ் ஹாக்கியில பாஸ்டன்காரர் உல்மார்க், ஸ்வேமன் எண்ட ரெண்டு கோலியையும் (கோல்கீப்பர்) மாறி மாறி இறக்கி 2023ல முதல் ரவுண்டிலயே மண் கவ்வினதைப் பாத்த பிறகும் எங்கட டொராண்டோ லீஃப்ஸ் டீம் ஸ்டோலார்ஸ், வோல் எண்டு ரெண்டு கோலியை வைச்சு சீசனை ஓட்டினது. ஒருத்தனை நம்பி விடேலாட்டி கோச்சுக்குத் தைரியம் இல்லை எண்டுதானே அர்த்தம்?
(ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகர்)

பதில்: தைரியக் கணக்கை அப்புறம் பாப்போம், முதல்ல 2023 கதையை முழுசா சொல்லுங்க சார், பாதியை விழுங்கிட்டீங்க. அந்த சீசன்ல 82 மேட்ச், உல்மார்க் 48 ஸ்டார்ட், ஸ்வேமன் 33, டீம் 65 மேட்ச் ஜெயிச்சு 135 பாயிண்ட் எடுத்துச்சு, வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்ல அது வரைக்கும் எவனும் தொடாத ரெக்கார்டு. கம்மியா கோல் விட்டதுக்கான ஜென்னிங்ஸ் டிராஃபி ரெண்டு பேருக்கும், பெஸ்ட் கோலிக்கான வெசினா உல்மார்க்குக்கு. ஒவ்வொரு தடவ ஜெயிச்சதும் ரெண்டு பேரும் அந்தப் பெரிய பேடு மாஸ்க்கோட பொம்மைக்கரடி மாதிரி கட்டிப்பிடிச்சுக்குவாங்க, அதைப் பாக்கவே ஒரு கூட்டம்.

அப்புறம் பிளேஆஃப், அதாவது கப்புக்கான நாக்அவுட் சுற்று வந்துச்சு. கோச் மாண்ட்கோமரி சீசன் பூரா பலிச்ச பழக்கத்தை மூட்டை கட்டி பரண்ல போட்டுட்டு ஃப்ளோரிடாவுக்கு எதிரா முதல் ஆறு மேட்சும் உல்மார்க்கையே நிறுத்தினாரு, அந்த மனுஷன் அடிபட்ட உடம்போட ஆடுறார்னு அப்பவே பேச்சு. நாலு மேட்ச் ஜெயிச்சா சீரிஸ் கையில, 3-1னு லீட் இருந்துச்சு. அஞ்சாவது மேட்ச் ஓவர்டைம்ல உல்மார்க் வலைக்குப் பின்னாடி போய் பக்கை (பந்துக்குப் பதிலா இருக்கிற வட்டு) சொதப்ப, ஃப்ளோரிடாவோட கச்சாக் கோல் அடிச்சிட்டான். ஆறாவது மேட்ச் 7-5 தோல்வி. இப்பதான் கோச்சுக்கு இன்னொரு கோலி இருக்கிற ஞாபகமே வந்து, அந்த சீரிஸ்ல ஒரு மேட்ச்கூட ஸ்டார்ட் பண்ணாத ஸ்வேமனைத் தூக்கி ஏழாவது மேட்ச்ல விட்டாரு, ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லாதப்போ ஃப்ளோரிடா ஈக்வல் பண்ணி ஓவர்டைம்ல 4-3னு கதையை முடிச்சாங்க. ஆக நீங்க சொல்ற வைத்தியத்தைத்தான் பாஸ்டன் பண்ணிப் பாத்துச்சு, நோயாளி போய்ட்டான்.

வலையில நிக்கிறவன் சும்மா நிக்கிறான்னு நெனப்பு நமக்கு. கிட்டத்தட்ட ஆறு மாசத்துல 82 மேட்ச், சிலப்போ அடுத்தடுத்த ராத்திரி ரெண்டு ஊர்ல, மேல பதினஞ்சு இருபது கிலோ கியர், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முட்டி போட்டு கால் ரெண்டையும் விரிச்சு எழுந்திருக்கணும், இடுப்பு எத்தனை நாள் தாங்கும்? நியூ ஜெர்சி கோலி பிராடர் 2006-07ல 78 மேட்ச் ஆடினார்தான், ஆனா இப்போ 60 தாண்டுறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

டாம்பா டீம் வாசிலெவ்ஸ்கிங்கிற கோலி ஒருத்தரையே நிறுத்தி 2020, 2021னு என்ஹெச்எல் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கப்பை ரெண்டு தடவ அடிச்சாங்களேன்னு கேப்பீங்க. ஒத்துக்கிறேன், வாசிலெவ்ஸ்கி இருந்தா நானும் அதைத்தான் பண்ணுவேன். உங்ககிட்ட இருக்காரா?

இன்னொண்ணு, லீஃப்ஸ் ரசிகர் கேக்குற கேள்வியா இது? நீங்க கடைசியா ஸ்டான்லி கப் தூக்கினது 1967ல, தூக்கிக் குடுத்தது ரெண்டு கிழவனுங்க, சாவ்சக்குக்கு 37 வயசு, பவருக்கு 42. ஃபைனல் முதல் மேட்ச்ல சாவ்சக் ஆறு கோல் வாங்கினார், ரெண்டாவது மூணாவது மேட்ச்ல பவர் நின்னு ஜெயிச்சார், நாலாவதுக்கு வார்ம்அப் பண்ணும்போதே பவருக்கு அடிபட்டுடுச்சு, சாவ்சக் மறுபடி வந்து திரும்பவும் ஆறு வாங்கிட்டு, அதுக்கப்புறம் அடுத்த ரெண்டையும் ஜெயிச்சுக் குடுத்தார். இதே ஜோடி 1964-65ல 36, 34னு மேட்ச்சைப் பங்கு போட்டாங்க, அப்போ வெசினா டிராஃபி கம்மியா கோல் விட்ட டீம்ல அதிக மேட்ச் ஆடின கோலிக்கு மட்டும்தான்னு ரூல், பவர் பேரும் சேர்ந்தாத்தான் வாங்குவேன்னு சாவ்சக் அடம் பிடிச்சு லீக்கையே இறங்கி வர வச்சார். இதெல்லாம் உங்க ஊர் கதை, நான் சொல்ல வேண்டியிருக்கு.

பாஸ்டன் அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னும் பாருங்க. 2024 ஜூன்ல உல்மார்க்கை ஒட்டாவாவுக்கு அனுப்பிட்டு ஸ்வேமனுக்கு எட்டு வருஷத்துக்கு 66 மில்லியன் டாலர் எழுதிக் குடுத்தாங்க. அந்த சீசன் ஸ்வேமன் 58 மேட்ச் ஆடினார், மேட்ச்சுக்கு மூணு கோலுக்கு மேல விட்டார், டீம் பிளேஆஃப் வாசலைக்கூட மிதிக்கல. பழி முழுக்க அவர்மேல இல்லதான், முன்னாடி ஆடுறவங்களும் நொண்டிக்கிட்டுதான் இருந்தாங்க, ஆனா ஒருத்தனை நம்பி விட்டா எல்லாம் சரியாகிடும்ங்கிறதுக்கு இது சாட்சி ஆகாது.

2025ல உங்க டீம் விஷயத்துக்கு வருவோம். பிளேஆஃப்ல ஃப்ளோரிடாவோட சீரிஸ், முதல் மேட்ச்லயே ஸ்டோலார்ஸ் தலையில அடி வாங்கி வெளிய போனார். சீசன்ல 42 மேட்ச் ஆடி சூடா இருந்த வோல் உள்ள வந்தார், ஆறாவது மேட்ச்ல எதிராளி ஊர்லயே ஒரு கோல்கூட விடாம 2-0ன்னு ஜெயிச்சுக் குடுத்தார். அஞ்சாவதும் ஏழாவதும் டொராண்டோவுலயே 6-1, 6-1னு போனதுக்கு கோலியைத் திட்டிக்கோங்க, வேணாம்னு சொல்லல. அந்த ரெண்டு மேட்ச்லயும் சேத்து உங்க ஆளுங்க அடிச்சது ரெண்டே கோல், அதுக்கு எந்த கோலியை மாத்துறதுன்னு அடுத்த கடுதாசில எழுதுங்க.