2024 ஆஸ்கர்: என் ஓட்டு ஓப்பன்ஹெய்மருக்கு இல்லை

கேள்வி: 2024 ஆஸ்கரில் சிறந்த படத்துக்குப் போட்டியிட்ட பத்துப் படங்களில் உங்கள் தேர்வு எது? ஓப்பன்ஹெய்மருக்குக் கொடுத்தது சரிதானா?

என் ஓட்டு 'த ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' படத்துக்கு. அதற்காக ஓப்பன்ஹெய்மருக்குக் கொடுத்தது தப்பு என்று வரிந்துகட்டிக்கொண்டு வரமாட்டேன். 13 பரிந்துரைகள், 7 விருதுகள், இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனுக்கு முதல் ஆஸ்கர். தகுதியில்லாத படம் ஒன்றும் தட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் அந்தப் பத்தில் தலைசிறந்தவை எல்லாம் கண்ணைவிடக் காதை நம்பி எடுக்கப்பட்டவை என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் முதலிடம் 'த ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' இயக்குநர் ஜோனாதன் கிளேசருக்குத்தான்.

ஓப்பன்ஹெய்மரையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் நெடுக ஒரு தடதட ஓசை அவ்வப்போது வந்து போகும். ரயிலா, இயந்திரமா என்று விளங்காது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு அதைத் தயாரித்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் ஊழியர்கள் கூடும் அரங்கத்தில்தான் விடை கிடைக்கிறது. மரப்படிகளில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் வெற்றிக் களிப்பில் காலால் உதைக்கும் ஓசை அது. மேடையில் பேசும் ஓப்பன்ஹெய்மரின் காதில் அந்த ஆரவாரம் சட்டென்று அடங்கி ஓர் அலறல் மட்டும் மிஞ்சுகிறது. பகவத் கீதை வரும் படுக்கையறைக் காட்சியை வைத்து நம் நாட்டில் மல்லுக்கட்டிய அளவுக்கு இந்தக் காட்சியைப் பற்றிப் பேசியிருக்கலாம். அணுகுண்டை முதன்முதலில் வெடித்துப் பார்க்கும் டிரினிட்டி சோதனையிலும் அதே சாமர்த்தியம்: முதலில் ஒளி, பிறகு வெறும் மூச்சுச் சத்தம், நாம் எதிர்பார்ப்பதை விட்டுவிடும் நேரத்தில் வெடியோசை.

எனக்கு இருக்கும் குறை, இந்த மௌனம் படத்தில் வேறெங்கும் கிடையாது என்பதுதான். லுட்விக் கோரான்சனின் இசை நல்ல இசை, விருதும் வாங்கியது. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து கோப்பைப் புரட்டினாலும் பின்னால் வயலின் பதறிக்கொண்டே இருந்தால் எப்படி? மூன்று மணி நேரப் படம், ஓரிடத்தில்கூட இளைப்பாற விடுவதில்லை. கடைசி ஒரு மணி நேரம் ஓப்பன்ஹெய்மரின் எதிரி ஸ்ட்ராஸின் பதவி விவகாரத்துக்குப் போய்விடுகிறது. ஸ்ட்ராஸாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் மட்டும் இல்லையென்றால் நான் கொட்டாவி விட்டிருப்பேன்.

இனி என் படத்துக்கு வருகிறேன். ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தலைவன் ருடால்ஃப் ஹெஸ், அவன் மனைவி ஹெட்விக், ஐந்து பிள்ளைகள். மதிலுக்கு இந்தப் பக்கம் பூந்தோட்டமும் பிள்ளைகள் குளிக்க ஒரு தொட்டியும். அந்தப் பக்கம் முகாம். கேமரா ஒரு கொலையைக்கூடக் காட்டுவதில்லை. வீட்டுக்குள் பல கேமராக்களை ஒளித்து வைத்துவிட்டு, படக்குழு ஒதுங்கிக்கொள்ள, நடிகர்களை அவர்கள் போக்கில் விட்டு எடுத்திருக்கிறார்கள். திரையில் ஒரு குடும்பத்தின் அன்றாடம்தான் ஓடுகிறது. மதிலுக்கு அப்பாலிருந்து துப்பாக்கிச் சத்தம், நாய்க் குரைப்பு, கூக்குரல், இடைவிடாத உலையின் உறுமல் எல்லாம் வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டில் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். சின்ன மகன் அறையில் தனியாக விளையாடிக்கொண்டிருக்கிறான். சன்னலுக்கு வெளியே ஒரு கைதி ஆப்பிளுக்காகச் சண்டை போட்டதாகப் பேச்சு, அவனை ஆற்றில் அமுக்கிக் கொல்லச் சொல்லி உத்தரவு. பையன் எழுந்து எட்டிப் பார்க்கிறான். திரும்பி வந்து, இனிமேல் அப்படிச் செய்யாதே என்று தனக்குள் முணுமுணுத்துவிட்டு விளையாட்டைத் தொடர்கிறான். அவ்வளவுதான் காட்சி. பிள்ளைக்கு அந்த வீடு என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதை வேறு எந்த வசனமும் இத்தனை சுருக்கமாகச் சொல்லிவிடாது. ஹெட்விக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமிருந்தோ பறித்துவந்த ரோமக் கோட்டைப் போட்டுப் பார்ப்பாள். அதன் பையில் பழைய சொந்தக்காரியின் லிப்ஸ்டிக் கிடக்கும். அதையும் எடுத்து உதட்டில் தடவிப் பார்ப்பாள். முகம் சுளிக்க வைக்கும் காட்சி. அதில்கூட நடிகை சாண்ட்ரா ஹ்யூலர் துளியும் மிகைப்படுத்தவில்லை.

இந்தப் படத்துக்குச் சிறந்த சர்வதேசத் திரைப்படம் என்ற விருதோடு சிறந்த ஒலிக்கான விருதும் கிடைத்தது. டார்ன் வில்லர்ஸ், ஜானி பர்ன் இருவரும் வாங்கினார்கள். ஓப்பன்ஹெய்மர் போட்டியில் இருந்தும் ஒலி விருது இதற்குப் போனது அன்றைய இரவில் அகாடமி செய்த உருப்படியான காரியம். தயவுசெய்து இந்தப் படத்தைக் கைபேசியின் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். நல்ல ஹெட்போன் இல்லையென்றால் பாதிப் படம் உங்களுக்குக் கிடைக்காது.

அதே ஹ்யூலர்தான் 'அனாடமி ஆஃப் எ ஃபால்' படத்தின் நாயகியும். கணவன் மாடியிலிருந்து விழுந்து செத்தானா, மனைவி தள்ளினாளா என்ற வழக்கு. முக்கிய சாட்சி பார்வை குன்றிய மகன். அவன் கேட்டதை வைத்துத்தான் எல்லாம். சாவுக்கு முந்தைய நாள் நடந்த சண்டையைக் கணவன் ரகசியமாகப் பதிவு செய்திருக்கிறான். அது நீதிமன்றத்தில் ஒலிக்கிறது, சண்டை நம் கண்முன்னே விரிகிறது. கைகலப்பு தொடங்கும் நொடியில் இயக்குநர் ஜஸ்டின் திரியே படத்தை வெட்டி நீதிமன்றத்துக்குத் திரும்பிவிடுகிறார். கண்ணாடி உடைகிறது, அடி விழுகிறது. யார் யாரை அடித்தார்கள் என்பது நடுவர்களைப் போலவே நமக்கும் தெரியாது. கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய இந்தப் படத்தை விட்டுவிட்டு பிரான்ஸ் வேறொரு படத்தை ஆஸ்கருக்கு அனுப்பியது. அது இறுதிப் பட்டியலுக்கே வரவில்லை. நம் தேர்வுக்குழுவை ஆண்டுதோறும் திட்டுகிறவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

ஸ்கோர்செசியின் 'கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்' பத்துப் பரிந்துரை பெற்று வெறுங்கையோடு திரும்பியது. 'கேங்ஸ் ஆஃப் நியூயார்க்', 'த ஐரிஷ்மேன்' இரண்டுக்கும் இதே கதிதான்: பத்துக்குப் பூஜ்யம். மூன்றரை மணி நேரத்தில் நாற்பது நிமிடமாவது குறைத்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவு அபாரம். ஓசேஜ் பழங்குடி மக்களைப் பணத்துக்காகக் கொன்று குவித்த கதை, கடைசியில் ஒரு வானொலி நாடகமாக மாறுகிறது. மேடையில் ஆட்கள் சாமான்களைத் தட்டி உருட்டிச் சத்தம் எழுப்ப, பார்வையாளர்கள் ரசிக்கிறார்கள். பிறகு ஸ்கோர்செசியே மேடையேறி, கதையின் நாயகியான ஓசேஜ் பெண் மாலியின் இரங்கல் குறிப்பைச் சொல்கிறார். அதில் கொலைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்கிறார். அடுத்தவரின் துயரத்தைப் பொழுதுபோக்காக்கிய குற்றத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்ளும் அந்தத் துணிச்சல் ஓப்பன்ஹெய்மரில் இல்லை. மாலியாக நடித்த லில்லி கிளாட்ஸ்டோனுக்கு விருது கிடைக்காதது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதை வாங்கிய 'புவர் திங்ஸ்' எம்மா ஸ்டோன் நன்றாகத்தான் செய்திருந்தார். செய்வது தெரியும்படி செய்திருந்தார், அதுதான் வித்தியாசம்.

பிறகு ஏன் ஓப்பன்ஹெய்மர் ஜெயித்தது என்றால், ஓட்டு எண்ணும் முறையும் அதற்குச் சாதகமானது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்களே, சிறந்த படத்துக்கும் ஏறக்குறைய அதே முறைதான். கடைசியில் நிற்கும் படத்தை நீக்கி அதன் ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள், ஒன்று பாதியைத் தாண்டும் வரை. சிலர் தலையில் வைத்துக் கொண்டாடி, பலர் பட்டியலின் அடியில் தள்ளும் படம் இதில் தேறாது. எல்லோரும் முதல் மூன்றுக்குள் வைக்கும் படம் தேறும். ஆஷ்விட்ஸ் மதிலோரத்துப் பூந்தோட்டத்தை யார் மூன்றாவது விருப்பமாக எழுதப் போகிறார்கள்?

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பாஸ்ட் லைவ்ஸ்' என் வரிசையில் மூன்றாவது, அனாடமிக்கு அடுத்து. சியோலிலிருந்து பன்னிரண்டு வயதில் கனடா போன பெண் தூக்கத்தில் கொரிய மொழியில்தான் பேசுகிறாள். அமெரிக்கக் கணவன் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். டொராண்டோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிட்டு எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன். 'த ஹோல்டோவர்ஸ்' யாரோடும் உட்கார்ந்து பார்க்கலாம். 'அமெரிக்கன் ஃபிக்‌ஷன்' திரைக்கதை விருதுக்குத் தகுதியானது, படமாகச் சுமார். 'பார்பி'யின் இயக்குநருக்குப் பரிந்துரை இல்லை என்று எழுந்த கூச்சலில் எனக்கு உடன்பாடில்லை. முதல் பாதிக்காகப் பரிந்துரைத்தால், இரண்டாம் பாதியின் பிரசங்கத்துக்காகத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். 'மாஸ்ட்ரோ'வை முழுதாகப் பார்க்க வேண்டியதில்லை. ஈலி தேவாலயத்தில் பிராட்லி கூப்பர் மாலரின் இரண்டாம் சிம்பொனியை நடத்தும் ஆறு நிமிடத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.