கயிற்றுக் கட்டிலும் விமான இருக்கையும்

கேள்வி: விமான இருக்கைகளில் ஃபோமுக்குப் பதிலாகப் பின்னல் துணியைப் பயன்படுத்த முயல்கிறார்கள் என்று படித்தேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்த எனக்கே இது விளங்கவில்லை. வெறும் துணி ஆளைத் தாங்குமா? நாள்பட்டால் தொய்ந்துவிடாதா?
— வாசகர் ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாங்கும். கயிற்றுக் கட்டிலில் மெத்தையா இருக்கிறது? சட்டத்தில் இழுத்துக் கட்டிய கயிறுதான் ஆளைச் சுமக்கிறது. தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இறுக்கிக்கொள்கிறோம். விமான இருக்கைக்கான ஒரு வழியும் இதுவே: சட்டத்தில் பின்னல் துணியை விறைப்பாக இழுத்துப் பொருத்துவது. 1994-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஏரான் என்ற அலுவலக நாற்காலி, ஃபோம் இல்லாமல் வலைத்துணியிலேயே உட்கார வைத்துப் பெயர் வாங்கியது.

மற்றொரு வழி ஸ்பேசர் துணி. உங்கள் தறியில் நீளவாக்கில் பாவும் குறுக்கே ஊடையும் உண்டு. இதில் ஊடை கிடையாது. ராஷல் எனப்படும் இயந்திரத்தில் இரண்டு வரிசை ஊசிகள் எதிரெதிரே நின்று, பாவு இழைகளையே கண்ணி கண்ணியாகக் கோத்து ஒரே நேரத்தில் இரண்டு துணிகளைப் பின்ன, தூண்டில் நரம்பைப் போன்ற விறைப்பான பாலியஸ்டர் இழை அவ்விரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போய்வந்து இரண்டையும் இணைத்துவிடுகிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால், நாற்றங்காலைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் நரம்புகள் நெருக்கமாக நிற்கும். விரலால் அழுத்தினால் வளையும், எடுத்தால் நிமிரும். எஞ்சிய இடமெல்லாம் காற்று என்பதால் வியர்வை தங்காது. நம் ஊர்ப் புழுக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எடை குறைந்தால் அதிலும் ஆதாயம்: 180 இருக்கைகள் கொண்ட விமானத்தில் இருக்கைக்கு அரைக் கிலோ குறைந்தாலும் 90 கிலோ மிச்சம். அந்த எடைக்கான எரிபொருள் ஒவ்வொரு பயணத்திலும் மிச்சம்.

அப்படியானால் ஏன் எல்லா விமானங்களிலும் வரவில்லை? நெருப்புதான் காரணம். மெத்தைகளில் உள்ள பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். அதனால் அமெரிக்க விமானத்துறை 1984-இல் ஒரு விதி கொண்டுவந்தது: ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள எண்ணெய்ச் சுடரை மெத்தைமேல் 2 நிமிடம் காட்ட வேண்டும், சராசரி எடையிழப்பு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாலியஸ்டரோ 260 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். ஆகவே ஃபோமுக்கு இன்று போர்த்தப்படும் தீத்தடுப்பு உறை துணிக்கும் தேவைப்படலாம், அல்லது இழையையே மாற்ற வேண்டும். ஒரே பாலியஸ்டரில் செய்தால் உருக்கி மறுபடி இழையாக்கலாம் என்பது இத்துணியின் பெரிய கவர்ச்சி. வேறு இழையைக் கலந்து ஒட்டிவிட்டால் அது கைநழுவிப் போகிறது.

பலர் மறந்துவிடும் இன்னொன்றும் உண்டு. சில விமானங்களில், கடலில் இறங்க நேர்ந்தால் இருக்கை மெத்தையே பயணிக்கு மிதவை. காற்று புகும் துணியில் நீரும் புகும். பாலியஸ்டர் நீரைவிடக் கனமானதும்கூட. அத்தகைய விமானத்தில் மெத்தையை மாற்றினால் பயணிகளுக்கு வேறு மிதவை வைத்தாக வேண்டும்.

தொய்வைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பின்னிய துணியைச் சூடேற்றி அதன் வடிவை நிலைப்படுத்துவார்கள். அப்படியும், ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஆட்கள் உட்கார்ந்தால் நரம்புகள் ஒரு பக்கம் சாய்ந்து துணி மெலியக்கூடும். ஃபோம் மட்டும் என்ன வாழ்ந்தது? பழைய பைக் சீட்டின் கிழிசலில் விரலை விட்டால் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டு வருமே!

என் கணிப்பில், பின்னல் துணி முதலில் இடம்பிடிக்கத் தக்கது முதுகுச் சாய்மானத்தில்தான். அங்கே பாரம் குறைவு. உட்காரும் பகுதியில், மெலிந்த ஃபோமின்மேல் ஓர் அடுக்காக அது வந்து உட்காரக்கூடும்.