மலை ஏறப் பயமா? பழைய ரயில் பாதையில் போங்கள்

கேள்வி: அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறேன். புதிதாக ஒரு கிராவல் சைக்கிள் (மண், சல்லிப் பாதையிலும் ஓட்டக்கூடியது) வாங்கியிருக்கிறேன். கார், லாரி தொல்லையில்லாமல் காடு, மலை, ஆறு என்று நாலு நாள் ஓட்ட வழி உண்டா? பெரிய ஏற்றம் என்றால் கொஞ்சம் பயம்.

பதில்:

உண்டு. பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்கி மேரிலாந்தின் கம்பர்லாந்தில் முடியும் 'கிரேட் அலிகேனி பாசேஜ்'. 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். இங்கே எல்லோரும் 'கேப்' என்று சுருக்கிச் சொல்வார்கள். நான் பிட்ஸ்பர்க் பக்கம்தான் குடியிருக்கிறேன். துண்டு துண்டாகப் பல தடவை ஓட்டியிருக்கிறேன், ஆனால் முழுப் பாதையையும் ஒரே பயணமாக முடித்தது போன அக்டோபரில்தான். கூட வந்தவர் என் தாய்மாமா. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 63 வயது. வேலையிலிருந்த காலம் முழுக்கத் தினமும் சைக்கிளில்தான் போய் வந்தார். அவரோடு போனதால்தான் இந்தப் பாதை எனக்கு முழுதாகப் புரிந்தது.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். இது ஏறக்குறைய முழுக்கப் பழைய ரயில் பாதை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, முடியாத இடத்தில் பாலமும் குகையும் போட்டு, மலையையே சாதுவாக்கி வைத்திருக்கிறார்கள். நீலகிரி ரயிலில் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம் வருகிறது, அதற்குப் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. அந்த என்ஜின்களைப் பார்த்துக்கொள்வது மாமாவின் பொன்மலைப் பணிமனைதான். இங்கே பல்சக்கரம் கிடையாது. பிட்ஸ்பர்க்கிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர், அவ்வளவு தூரத்துக்கும் ஏற்றம் 500 மீட்டர்தான். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டியதும் மாமா சொன்னார்: "மாப்ள, இது மனுசனுக்குப் போட்ட ரோடு இல்ல, என்ஜினுக்குப் போட்டது. என்ஜினே மூச்சு வாங்காத எடத்துல நாம எதுக்கு மூச்சு வாங்கணும்?"

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, கால் மட்டும் கண்டுபிடிக்கும். சமதளம் போலவே இருக்கும், ஆனால் காலையில் இருந்ததை விட வேகம் குறைந்திருக்கும். மூன்றாம் நாள் பிரேக் ஏதும் உரசுகிறதோ என்று இரண்டு முறை இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். மாமா ஆற்றைக் கை காட்டினார். தண்ணீர் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறோம். அதற்குப் பிறகு கியரை ஒன்று இறக்கிவிட்டு வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நாங்கள் பிரித்துக்கொண்டது இப்படி: முதல் நாள் வெஸ்ட் நியூட்டன், இரண்டாம் நாள் ஒஹாயோபைல், மூன்றாம் நாள் மையர்ஸ்டேல், நான்காம் நாள் கம்பர்லாந்து. ஒரு நாளைக்கு 50 முதல் 70 கிலோமீட்டர். மூன்று நாளில் முடிப்பவர்கள் நிறைய பேர் உண்டு, ஆனால் ஆற்றங்கரையில் உட்கார நேரம் இருக்காது. வாரநாளில் போங்கள். சனி, ஞாயிறுகளில் ஒஹாயோபைல் சுற்றுவட்டாரம் ஜேஜே என்றிருக்கும். செவ்வாய்க்கிழமை நாங்கள் 20 கிலோமீட்டர் ஓட்டியதில் எதிரே வந்தவர்கள் நாலே பேர்.

தரை பெரும்பாலும் அரைத்த சுண்ணாம்புக்கல் சல்லி. காய்ந்திருந்தால் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும், டயருக்கு அடியில் நறநறவென்று மெல்லிய சத்தம் மட்டும் வரும். 38 முதல் 42 மில்லிமீட்டர் டயர் தாராளம். காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள், உங்கள் எடையைப் பொறுத்து 35, 40 பிஎஸ்ஐ போதும். மழை பெய்தால் கதையே வேறு. சல்லித்தூள் சாந்து மாதிரிக் குழைந்து செயினிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும். மூன்றாம் நாள் மதியம் முழுக்கத் தூறலில் ஓட்டினோம். மறுநாள் காலையில் பார்த்தால் என் பின்பிரேக் பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மாற்று பேட் கொண்டுபோகாதது என் தவறு. கடைசி இறக்கம் 38 கிலோமீட்டர், முழுவதும் முன்பிரேக்கை மட்டும் நம்பி, கை விரல் மரத்துப்போக மெதுவாக இறங்கினேன். ஆகவே ஒரு ஜோடி பிரேக் பேட், செயின் எண்ணெய், துடைக்க ஒரு பழைய துணி, இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

வழியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒஹாயோபைல் பகுதி. யாக்ககேனி ஆறு அங்கே லாடம் போல வளைகிறது; நீங்கள் நேராகப் போய் அதே ஆற்றை இரண்டு பாலங்களில் கடப்பீர்கள். இந்தப் பாதையில் முதன்முதலில் சைக்கிளுக்குத் திறந்ததும் அங்கேதான், 1986-ல். ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து, பிட்ஸ்பர்க்கின் மையம் வரை முழுமையானது 2013-ல். 27 வருடம்! ரயில் நின்றுபோன தடத்தைக் காடு விழுங்கட்டும் என்று விடாமல், ஊர் ஊராக மனிதர்கள் மீட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை ஓட்டும்போதெல்லாம் நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

அதற்கு முன்னால், வெஸ்ட் நியூட்டன் வரும் வழியில், பாறைச் சரிவில் ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் வடிவதைப் பார்ப்பீர்கள். பழைய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கசிவது. அதிலுள்ள இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிப் பாறை மேல் படிகிறது. பார்க்க அழகுதான், ஆனால் பாட்டிலை அங்கே நிரப்பிவிடாதீர்கள். ஊர் வரும்போதெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்வது நல்லது.

காட்டுக்குள் ஓரிடத்தில் மாமா சட்டென்று நிறுத்தினார். புதருக்குள் ஒரு கான்கிரீட் கல், அதில் 'டபிள்யூ' என்ற எழுத்து. "விசில் போர்டுடா இது!" என்றார். நம் ஊரில் லெவல் கிராசிங்குக்கு முன்னால் டிரைவரை விசில் ஊதச் சொல்லி மஞ்சள் பலகை வைத்திருப்பார்களே, அதே வேலைதான். அந்த வழியில் கடைசி ரயில் போனது 1975-ல். மாமா கல்லின் மேலிருந்த பாசியை விரலால் வழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். சரியாக அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில் ஒன்று கூவிக்கொண்டு வந்தது. எதிர்க்கரையில் இன்றும் ரயில் ஓடுகிறது. மாமா பெட்டிகளை எண்ண ஆரம்பித்து 112-ல் நிறுத்தினார். மிச்சத்தை மரங்கள் மறைத்துவிட்டன.

மையர்ஸ்டேலுக்கு முன்னால் சாலிஸ்பரி வையடக்ட் வரும், 580 மீட்டர் நீளமுள்ள பாலம். கீழே காசல்மன் ஆறும், வயல்களும், ரயில் தடமும் தெரியும். காற்று பக்கவாட்டில் தள்ளும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடியுங்கள். மையர்ஸ்டேலைத் தாண்டி உச்சி, 729 மீட்டர். அங்கே மேற்கே விழும் மழை ஒஹாயோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். கிழக்கே விழுவது பொட்டோமேக் ஆற்றில் சேர்ந்து அட்லாண்டிக் பக்கம் போய்விடும். அப்புறம் பிக் சாவேஜ் குகை. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், உள்ளே விளக்கு உண்டு, ஆனால் மேல்சட்டை இல்லாமல் நுழையாதீர்கள், அவ்வளவு குளிர். வெளியே வந்ததும் மேரிலாந்து மலைகள் அடுக்கடுக்காகக் கண்முன் விரியும். ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள்: டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இந்தக் குகையை மூடிவிடுவார்கள். தேதி பார்த்துக் கிளம்புங்கள்.

இன்னும் சில. பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் வராது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் மாதங்களில் உண்ணி அதிகம். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் தடவிப் பாருங்கள், உண்ணி கடித்து வரும் லைம் நோய் விளையாட்டில்லை. கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை பழைய கால்வாய்க் கரையில் இன்னொரு 297 கிலோமீட்டர் பாதை தொடர்கிறது. அது பல இடங்களில் மண் பாதை, மழையில் சேறாகிவிடும். முதல் பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம்.

திசையைப் பொறுத்தவரை, பயமிருப்பதால் நீங்கள் பிட்ஸ்பர்க்கிலிருந்தே தொடங்குங்கள். கம்பர்லாந்தில் தொடங்கினால் அந்த 38 கிலோமீட்டரும் முதல் நாளே ஏற்றம், நூற்றுக்கு ஒன்றரை வீதம். மாமாவுக்கு இப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஏறிப் பார்க்க வேண்டுமாம். "அந்தக் காலத்து டிரைவர் பட்ட பாட்டைக் கால்ல தெரிஞ்சுக்கணும் மாப்ள" என்கிறார். இந்த அக்டோபருக்கு டிக்கெட் போட்டாயிற்று. பிரேக் பேட் இரண்டு ஜோடி இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.