ஒலிப்பக்கம்: டேப்பில பதிஞ்சாத்தான் பாட்டு இனிக்குமோ?

இந்த முறை வந்த கேள்வியள்ல பாதிக்கு மேல டேப்பா டிஜிட்டலா எண்டுதான், அதால எல்லாத்தையும் ஒண்டாச் சேர்த்துப் பதில் எழுதுறன்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): அண்ணை, நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பொப் அல்பம் செய்யிறம், ரெக்கோர்டிங் முழுக்க லப்டொப்பில. கேட்டா சப்பெண்டு இருக்கு. ஒருக்கா டேப்பில ஓடவிட்டு எடுத்தா பழைய பாட்டு மாதிரி வருமோ? ரெண்டு பாட்டு அனுப்பியிருக்கிறன்.

பதில்: தம்பி, ரெண்டையும் ஹெட்போனில நாலைஞ்சு தரம் கேட்டன். முதல் பாட்டில சரணம் தொடங்கிற இடத்தில குரலுக்குப் பின்னால ஒரு உறுமல் வருது, கவனிச்சனீங்களோ? கடற்கரைப் பாதையில போற ரயில் அது. பாடேக்க மெல்லிசா விழுந்திருக்கும், பிறகு சத்தம் காணாதெண்டு லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அமுக்கிறது) போட்டு இறுக்கினவுடன உரத்த இடமெல்லாம் அமுங்கி, பின்னால ஒளிச்சிருந்த ரயில் முன்னுக்கு வந்திட்டுது. டேப்பில ஓடவிட்டா அந்த ரயிலும் சேந்துதான் ஓடும்.

டேப் ஒண்டும் செய்யாதெண்டு நான் சொல்லேல்ல. சத்தம் கூடக் கூட அது மெல்ல மெல்ல அமுக்கும், ட்ரம் அடியின்ர கூர் கொஞ்சம் மழுங்கும், புதுசா ஹார்மோனிக்ஸ் (சுரத்தோட கூட ஒலிக்கிற மேல் சுரங்கள்) சேரும், நீங்கள் தேடுற இனிமையில ஒரு பங்கு அதுதான். டிஜிட்டலில சைபர் டிபிக்கு (டெசிபெல், சத்த அளவு) மேல இடமே இல்லை, தாண்டினா அலையின்ர தலை வெட்டுப்பட்டுப் போகும். ஆனா டேப் காலத்தில இரைச்சலுக்குப் பயந்து சத்தத்தைத் தூக்கி வைச்சவை, உங்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. இரைச்சல் மிகக் குறைஞ்ச 24 பிட் டிஜிட்டல் பதிவில, உச்சம் மைனஸ் 10 டிபிக்குக் கிட்ட நிக்கிற மாதிரி வைச்சுப் பாடுங்கோ, ஒரு குறையும் வராது.

இன்னொண்டு. அந்தக் கால ஸ்டூடியோவில 24 ட்ராக் (தனித்தனியாப் பதியிற 24 தடம்) எண்டா ரெண்டு அங்குல அகலமான நாடா, 2500 அடி ரீல். செக்கனுக்கு 30 அங்குலம் ஓடினா பதினாறரை நிமிசத்தில ரீல் முடிஞ்சிடும். நாடாவும் விலை, ஸ்டூடியோ நேரமும் விலை. அதால வாசிக்கிற ஆக்கள் வீட்டிலயே நல்லாப் பழகிப்போட்டுத்தான் உள்ள வந்தவை. பழைய பாட்டில எங்களுக்கு இனிக்கிறதில பெரிய பங்கு அந்தப் பழக்கம்தான் எண்டு நான் உறுதியா நம்புறன். லிமிட்டரைக் கழட்டுங்கோ, ரயில் நிண்ட பிறகு ராவில குரலைத் திரும்பப் பாடுங்கோ, பிறகு டேப்பைப் பற்றிக் கதைப்பம்.

கேள்வி (தெஹிவளை வாசகர்): டிஜிட்டல் கலக்காத சத்தம் வேணுமெண்டா எல்பி இசைத்தட்டு வாங்கினாக் காணுமோ?

பதில்: காணாது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் எண்ட ரொக் குழுவின்ர பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ் அல்பம், 1985 இல வந்தது, எல்பி சேர்க்கிற கன பேர் வைச்சிருப்பினம், அது சோனியின்ர 24 ட்ராக் டிஜிட்டல் மெசினில பதிஞ்சது. சிடியில அது ஏறக்குறைய 55 நிமிசம், எல்பியில இடம் காணாமல் சில பாட்டுகளைக் குறைச்சு 47 நிமிசமாக்கினவை. அதோட, எல்பி வெட்டிற மெசினுக்கு அடுத்து வாற சத்தம் எவ்வளவு பெரிசு எண்டு கொஞ்சம் முன்னமே தெரியவேணும், அப்பதான் தவாளிப்புகளுக்கு இடைவெளி விடலாம். அதுக்காகப் பாட்டைச் சற்றுப் பிந்த வைக்க 1980களிலயே கன இடத்தில டிஜிட்டல் டிலே போட்டவை, அதாவது டேப்பில இருந்து வந்த பாட்டும் டிஜிட்டலுக்குள்ளால போய்த்தான் தட்டில இறங்கினது. 2022 இல அமெரிக்காவின்ர மொபைல் ஃபிடெலிட்டி எண்ட இசைத்தட்டுக் கொம்பனியின்ர விசயம் வெளிய வந்தது, முழுக்க அனலொக் (டிஜிட்டலே கலக்காதது) எண்டு சனம் நம்பி வாங்கின தட்டுகளுக்கு இடையில டிஎஸ்டி எண்ட டிஜிட்டல் பிரதி இருந்திருக்கு. பெரிய பெரிய செட்டில கேட்டவையும் அதுவரைக்கும் அந்தத் தட்டுகளைப் புகழ்ந்துகொண்டுதான் இருந்தவை. அவையின்ர காது பிழையில்லை, அந்தத் தட்டுகள் உண்மையிலயே நல்லா மாஸ்டர் பண்ணினது (மிக்ஸ் முடிஞ்ச பாட்டை வெளியிட முன்னம் கடைசியாச் சத்தம் சீராக்கிறது).

கேள்வி (மட்டக்குளி வாசகர்): சிடி உறையில ஏ.டி.டி எண்டு போட்டிருக்கிறது என்ன?

பதில்: முதல் எழுத்து ரெக்கோர்டிங், ரெண்டாவது மிக்சிங் (பதிஞ்ச தடங்களை ஒண்டாச் சேர்க்கிறது), மூண்டாவது மாஸ்டரிங். ஏ அனலொக், டி டிஜிட்டல். சிடியெண்டா கடைசி எழுத்து எப்பவும் டிதான்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): ரீமாஸ்டர் எண்டு வாற சிடி உரத்துக் கேக்குது, ஆனா நாலு பாட்டில தலையிடிக்குது. டிஜிட்டல்தான் காரணமோ?

பதில்: உங்கட பழைய சிடியும் புதுசும் ரெண்டும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல்தானே, பிறகெப்படி டிஜிட்டலைக் குறை சொல்லுறது? காரணம் மாஸ்டரிங். 2008 இல மெட்டாலிக்கா எண்ட ரொக் குழுவின்ர டெத் மக்னெட்டிக் அல்பம் வரேக்க, அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ கேமில இவ்வளவு இறுக்காமல் வந்தது, கேட்ட ரசிகர்கள் சிடியைத் திரும்ப மிக்ஸ் பண்ணித் தரச்சொல்லிக் கையெழுத்தே சேர்த்தவை. நீங்களும் வீட்டில செய்து பாருங்கோ. புது சிடியின்ர வொல்யூமைக் குறைச்சு, பாடகர் குரல் ரெண்டிலயும் ஒரே அளவா வாற மாதிரி வையுங்கோ. இப்ப ஸ்னேர் ட்ரம் அடியை மட்டும் கேளுங்கோ. பழசில அது குரலைத் தாண்டித் துள்ளி வரும், புதுசில குரலோட ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஸ்பொட்டிபை மாதிரி இடங்கள்ல இப்ப வழமையா எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸுக்குக் (காதுக்குக் கேக்கிற உரப்பின்ர அளவு) கிட்டக் கொண்டுவந்துதான் போடுறாங்கள், அதால இறுக்கி ஒரு லாபமும் இல்லை. கெதியில நிப்பாட்ட வேண்டிய பழக்கம் இது.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகி): அப்பா ஒரு பொப் குழுவில பாடினவர், அந்த கசெட் ஒண்டுதான் மிச்சம். நாடாவில வெள்ளையாப் பூஞ்சணம் பிடிச்சிருக்கு. என்ன செய்யலாம்?

பதில்: அக்கா, முதல்ல பிளேயரில போடாதேங்கோ! கொழும்புக் காத்தில இது எல்லா வீட்டிலயும் வாறதுதான். சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளோட மூடின டப்பாவில ஒரு கிழமை வையுங்கோ. பிறகு பூஞ்சணம் தட்டுப்பட்டாலும் பரவாயில்லை எண்ட பழைய டெக்கொண்டில முன்னுக்கும் பின்னுக்கும் சுத்தி, இடையிடையே ஹெட்டை ஐசோப்ரோப்பைல் அல்கஹோலால துடையுங்கோ. நல்ல டெக்கில போடேக்க, ஹெட்டுக்குப் பக்கத்தில சின்ன ஸ்குரூ ஒண்டிருக்கும், ஹெட்டின்ர சாய்வைத் திருத்திறது. அப்பான்ர குரலில 'ச' வாற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, அது ஆகத் தெளிவாக் கேக்கிற வரைக்கும் மெல்லத் திருப்புங்கோ, இதைக் கொம்பியூட்டரால பிறகு சரிக்கட்டேலாது. 24 பிட் வேவ் ஃபைலா எடுங்கோ, எம்பி3 வேண்டாம். இரைச்சல் நீக்கிறதெண்டா இன்னொரு கொப்பியில செய்யுங்கோ. கசெட்டையும் எறிஞ்சுபோடாதேங்கோ.